பானையில் பெயர், பாத்திரத்தில் பெயர்

அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பெட்டிகளை வைத்திருக்கும் கட்டடம் என்ன பேசுகிறது என்று கேட்பதில்லை. கீழடியில் கட்டடம்தான் முதலில் பேசுகிறது.

18 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுத் தமிழக அரசு எழுப்பிய கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. செட்டிநாட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். காரைக்குடியும் கீழடியும் சிவகங்கை மாவட்டம்தான். ஆனால் கீழடி செட்டிநாட்டு ஊரல்ல. கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை பின்னோக்கிப் போகிறதாக மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்த ஒரு வாழ்விடத்திற்கு, நூறு நூற்றைம்பது வருஷத்து வணிகர் வீட்டைச் சட்டையாக மாட்டிவிட்டது எதற்கு? 'தமிழ் மரபு' என்று பதில் வரும். இரண்டாயிரம் வருஷத்து இடைவெளியை ஒரே சொல்லால் மூடிவிடுகிற இந்தக் கதையாடலைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டை மரபு என்று மட்டும் வாசிப்பது போதாது. அது ஒரு கணக்குப் புத்தகம். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றும் அதில் ஒரு வரவு. அந்த வரவின் பெரும் ஊற்று கடல் கடந்த லேவாதேவி. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930-இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. விலை வீழ்ந்து பர்மிய விவசாயி கடனைக் கட்ட முடியாமல் போனதும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது ஏறக்குறைய 25 சதவீதமாயிற்று. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. 1948-இல் பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் போட்டது. இங்கே வளவுகள் பூட்டப்பட்டதற்கு அதுவும் காரணம். இந்த வரலாற்றைக் கழற்றிவிட்டுத் தூணையும் முற்றத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது வெறும் அலங்காரம்.

உள்ளே போனேன். என்னை நிறுத்தியவை தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர்கள். ராஜா இல்லை, கல்வெட்டு இல்லை. சாதாரணப் புழங்கு பானையில் ஒரு ஆளின் பெயர். கிளர்ச்சி தரும் விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அகழாய்வாளர்கள் சொல்வதையும் கவனிக்க வேண்டும்: எழுத்தமைதி ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. வனைந்த குயவர் ஒருவரே எல்லாவற்றையும் எழுதியிருக்க முடியாது. பானைக்குச் சொந்தக்காரர்களே கீறியிருக்கலாம். அப்படியானால் அது உடைமையாளன் பெயர். வனைந்த கை பெயரில்லாமலே பக்கத்தில் நிற்கிறது. நூற்ற கையும் அப்படித்தான். தக்களி இருக்கிறது, நூற்றவள் இல்லை.

மறுநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். வளவுகளிலிருந்து வெளியேறிய பொருள்கள் அங்கே பழம்பொருள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன: நிலைக்கதவு, எனாமல் தூக்கு, பித்தளைக் குத்துவிளக்கு, ஜெர்மன் பீங்கான். ஒரு செப்புப் பாத்திரத்தின் விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரம். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கடைக்காரரிடம் இது எந்த ஊர் வீட்டுச் சாமான் என்று கேட்டேன். "பேரு கெடக்கட்டும்ணே, கனத்தப் பாருங்க" என்றார்.

அவர்மேல் குற்றமில்லை. ஓட்டில் கீறிய பெயருக்குக் கண்ணாடிப் பெட்டி, விளக்கு, காவல். செம்பில் வெட்டிய பெயருக்கு எடை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வயது மட்டுமல்ல. எது வரலாறு, எது பழைய சாமான் என்று வகைபிரிக்கிற அதிகாரம் இருக்கிறது. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. வீட்டின் பாணி அரசுக்கு வேண்டும்; அந்த வீட்டில் புழங்கிய பெண்ணின் பாத்திரமும், அதைத் துலக்கிய வேலைக்காரியின் கையும் யாருக்கும் வேண்டாம்.

கீழடியைத் தாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் கொடுத்த அறிக்கையை, 2025 மே மாதத்தில் மத்தியத் தொல்லியல் துறை திருத்தித் தரச் சொன்னது. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் 'எவ்வளவு பழசு' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் 'யாருடையது, யார் செய்தது' என்ற கேள்வி செத்துப்போகும். தில்லியோடு போடுகிற சண்டை நமக்குள் போட வேண்டிய சண்டைக்கு விடுப்புச் சீட்டாகிவிடக் கூடாது.

கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய புத்தகத்தையும் நோட்டீசையும் ஒன்றுவிடாமல் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் அவை இன்று சென்னையில் நூலகமாக நிற்கின்றன. காகிதத்துக்கு ஒரு முத்தையா கிடைத்தார். பாத்திரத்துக்கு யார்? பெரிய கட்டடம் கேட்கவில்லை. லாரியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நோட்டு: என்ன பொருள், எந்த ஊர், யார் பெயர், யார் செய்தது, யார் துலக்கியது. கடைசி இரண்டு பத்தியும் காலியாகவே இருக்கும். இருக்கட்டும். காலியாக இருக்கிறது என்பதாவது பதிவாகட்டும்.