'ஊர்' என்பது யார்? கண்டதேவித் தேரை முன்வைத்து

'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்ற தொடரைச் சிறுபத்திரிகைக்காரர்களும் இயக்கத் தோழர்களும் கூச்சமில்லாமல் புழங்கி வருகிறோம். நன்கொடை கேட்கிற துண்டறிக்கை முதல் தலையங்கம் வரை அது வந்துவிடுகிறது. ஜனநாயகத்துக்கு இதைவிட நல்ல உருவகம் தமிழில் கிடையாது என்று ஒரு நினைப்பு. இத்தொடரைக் கண்டதேவியில் வைத்து வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிவகங்கை மாவட்டத்தில், தேவகோட்டைப் பக்கம் இருக்கிறது கண்டதேவி. சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் சிவகங்கை சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆனி மாதத் தேருக்கு நான்கு வடங்கள். உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை என நான்கு நாடுகள், நாட்டுக்கொரு வடம். இங்கே 'நாடு' என்பது வெறும் நிலப்பரப்பல்ல, நாட்டார்களுடைய சாதி அதிகாரத்தின் எல்லை. தலித்துகளும் அந்த எல்லைக்குள்தான் குடியிருக்கிறார்கள். வடம் என்று வரும்போது மட்டும் அவர்கள் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்றாகிவிடுகிறது.

இதைப் பிறழ்வு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் இறையிலி நிலங்களை எண்ணும்போது ஊர்நத்தம் ஒரு வகை, பறைச்சேரி வேறொரு வகை. சேரியைக் கழித்துவிட்டுத்தான் 'ஊர்' அர்த்தம் கொள்கிறது. அந்த வகையில் கண்டதேவியில் உருவகம் பிசகவே இல்லை. ஊர் கூடித்தான் இழுத்தது.

நான்கு நாடுகளில் ஒன்றான உஞ்சனையில்தான் 1979-ல் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அதுவும் கோயில் விழாவை ஒட்டித்தான். எனவே 1998-ல் வடம் பிடிக்கும் உரிமைக்கான குரல் எழுந்தபோது அது ஒன்றும் திடீரென்று முளைத்ததல்ல. விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போயிற்று. பிறகு அரசு செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். எண்ணிப் பொறுக்கிய சிலரைப் போலீஸ் வளையத்துக்குள் கூட்டிவந்து, கொஞ்ச நேரம் வடத்தில் கை வைக்கச் சொல்லி, கணக்கை முடித்தார்கள். தீண்டாமையை ஒழிக்க வந்த எந்திரம், இழுக்கிற உரிமையைத் தொடுகிற சலுகையாகச் சுருக்கிவிட்டது. இதைவிட அப்பட்டமான பிரதி வேறென்ன வேண்டும்?

2006-க்குப் பிறகு தேர் நின்றது. திருப்பணி, குடமுழுக்கு என்று காரணங்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில், நீதிமன்றத் தலையீட்டோடும் பெரும் போலீஸ் பாதுகாப்போடும் ஓடியது. ஓடிய நாளைப் பற்றி நிறைய எழுதினார்கள். ஓடாத அந்தப் பதினேழு ஆண்டுகளையும் நாம் வாசித்தாக வேண்டும். எல்லோரும் இழுப்பதைவிட யாருமே இழுக்காமல் இருப்பது மேல் என்பதற்கு நிர்வாக மொழியில் பெயர், சட்டம் ஒழுங்கு.

தேர் இழுக்க உரிமை கேட்பது இந்து மதத்துக்குள் போய் மாட்டிக்கொள்வதுதானே என்று பகுத்தறிவு நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் வடம் வெறும் பக்திச் சமாச்சாரம் இல்லை. இந்த மண்ணில் யார் முதல், யார் கடைசி, யார் கணக்கிலேயே இல்லை என்பதை வருஷா வருஷம் நடுத்தெருவில் அறிவிக்கிற சடங்கு அது. சாமி கும்பிடாத தலித்தையும் அந்த அறிவிப்பு விட்டுவைப்பதில்லை.