கருப்பொருளில் தொழிலும் உண்டு: மூன்று சூழலியல் ஆவணப்படங்களும் ஒரகடம் தொழில்வழித்தடமும்

ஆய்வுச் சுருக்கம்

சூழலியல் ஆவணப்படங்கள் நம்பிக்கையை எந்த நிலத்தில் காண்கின்றன என்பதை 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' (2022), '2040' (2019), 'ஆல் தட் ப்ரீத்ஸ்' (2022) ஆகிய படங்களின்வழி இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தொல்காப்பியத்தின் கருப்பொருள் கோட்பாடும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடமும் அம்மதிப்பீட்டின் அளவுகோல்களாகின்றன.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், கருப்பொருள், பல்லுயிரியம், ஏரி, தொழில்வழித்தடம்.

முன்னுரை

காலநிலை மாற்றம் குறித்த ஆவணப்படங்கள் நெடுங்காலம் எச்சரிக்கையையே முதன்மைத் தொனியாகக் கொண்டிருந்தன. 'நாளை' எனப் பொருள்படும் 'துமேன்' (2015) என்னும் பிரெஞ்சுப் படம் போன்றவை தீர்வுகளை நோக்கித் திரும்பின. அழிவைவிட மீட்சியைக் காட்டுவதே பார்வையாளரைச் செயலுக்குத் தூண்டும் என்பது இவற்றின் எடுகோள். அதனை ஏற்கும் திறனாய்வும் ஒரு வினாவை எழுப்ப வேண்டியுள்ளது: மீட்சி எந்த நிலத்தில் நிகழ்வதாகக் காட்டப்படுகிறது?

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருளை வகுக்கும்போது விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு உணவையும் தொழிலையும் ஒரே வரிசையில் வைக்கிறது. மருதத்திற்கு எருமையும் நாரையும் உரியன என்றால் உழவும் உரியது. உயிரினமும் உழைப்பும் அங்குத் தனித்தனி உலகங்கள் அல்ல. காட்டுயிர்ப் படங்களின் பொது மரபோ உழைப்பைச் சட்டகத்திற்கு வெளியே நிறுத்துகிறது.

இப்பிரிவினையைச் சோதிக்க ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி பொருத்தமானது. ஏரிப்பாசனத்தால் உருவான இம்மருத நிலத்தில் 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையும் 2010இல் ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியை நோக்கிச் செல்வதால், இங்கு நிலத்திற்கு நேர்வது சென்னையின் குடிநீரையும் பாதிக்கும்.

காட்டுக்குள் அடங்கும் நம்பிக்கை

கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கி 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்', முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மன், பெள்ளி இணையர் யானைக்கன்றுகளை வளர்ப்பதைக் காட்டுகிறது. பராமரிப்பு என்னும் தொழிலையும் விலங்கையும் ஒரே சட்டகத்தில் வைத்திருப்பது இதன் பெருமை. காட்டுநாயக்கர் வாழ்வு இதில் பின்னணி அலங்காரமாகச் சுருங்கவில்லை. எனினும், ரகு என்னும் கன்றின் தாய் மின்சாரம் தாக்கி இறந்தது என்ற செய்தி கதையின் தொடக்கக் காரணமாக மட்டுமே நிற்கிறது. அம்மின்சாரம் ஓடிய ஊர், அங்குள்ள வயல், வேலி ஆகியவற்றைப் படம் பின்தொடர்வதில்லை. சிக்கல் காட்டுக்கு வெளியே பிறக்க, ஆறுதல் காட்டுக்குள் முடிகிறது. ஒரகடத்தில் இதனைக் காணும் பார்வையாளர் நெகிழலாம். தம் நிலத்திற்கும் அக்கன்றுக்கும் உள்ள தொடர்பை அவர் உணர வழியில்லை.

கருவிக்குள் அடங்கும் நம்பிக்கை

டேமன் கேமோவின் '2040', இன்றே கைவசமுள்ள தீர்வுகள் பரவினால் தம் மகள் வாழப்போகும் உலகம் எப்படியிருக்கும் எனக் கற்பனை செய்கிறது. வங்கதேச வீடுகள் சூரிய மின்சாரத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பகுதி, தீர்வைச் சமூக உறவாகக் காட்டுவதால் வலுவானது. மின்சார வாகனங்களைப் பற்றிய பகுதியில் அவ்வலு இல்லை. நிறுத்துமிடங்கள் பசுமைவெளிகளாக மாறுவதைக் காட்டும் படம், அவ்வாகனங்கள் எந்த ஊரின் மண்ணிலும் நீரிலும் உருவாகும் என்று கேட்பதில்லை.

ஒரகடம் வழித்தடம் அக்கேள்விக்குரிய இடம். 2024இல் பிள்ளைப்பாக்கத்தில் ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் திறனுள்ள ஃபர்ஸ்ட் சோலார் தகட்டு ஆலை திறக்கப்பட்டது. ஹூண்டாய் 2025இல் மின்சாரக் காரையும் இங்கிருந்தே சந்தைக்குக் கொணர்ந்தது. '2040' கனவு காணும் பொருள்கள் இங்கு அன்றாட உற்பத்தி.

தீர்வும் இங்கு உண்டு. செம்பரம்பாக்கம் ஏரி 2015 டிசம்பரில் நிரம்பித் திறக்கப்பட்டு, 2019 கோடையில் வறண்டது. அதே 2019இல் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கும் நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. அந்நீர் குழாய்வழி இவ்வழித்தடத்தின் ஆலைகளை அடைகிறது. பிள்ளைப்பாக்கம் சூரியத்தகட்டு ஆலையும் சென்னையின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைச் சார்ந்தே திட்டமிடப்பட்டது. குடிநீருக்கும் தொழிற்சாலைக்குமான போட்டியைக் குறைக்கும் இவ்வேற்பாடு, மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய் என்பதாலேயே காட்சிக்கு எளிதில் அகப்படாதது.

பணிமனைக்குள் பறவை

ஷௌனக் சென்னின் 'ஆல் தட் ப்ரீத்ஸ்' வேறொரு சட்டகத்தை அமைக்கிறது. டெல்லியில் நதீம், சவுத் சகோதரர்கள், சோப்பு நீர்க் கலன்கள் செய்யும் தங்கள் நிலவறைப் பணிமனையிலேயே காயமுற்ற பருந்துகளுக்கு மருத்துவம் செய்கின்றனர். இறைச்சி உண்ணும் பறவை என்பதால் பறவை மருத்துவமனை பருந்தை ஏற்க மறுத்ததே அவர்களது பணியின் தொடக்கம். உலோகத் துண்டுகளும் கட்டுப்போட்ட சிறகுகளும் அருகருகே இருக்க, தொழிலும் புள்ளும் ஒரே நிலத்தின் கருப்பொருள்கள் ஆகின்றன. காற்று மாசையும் நகரின் அரசியல் பதற்றத்தையும் படம் வெட்டி எறியவில்லை. பருந்துகள் விழுவது நிற்பதாகவும் அது காட்டவில்லை. அதன் நம்பிக்கை, முடிவடையாத பணியைத் தொடர்வதில் உள்ளது.

முடிவுரை

முதற்படம் நம்பிக்கையைக் காட்டிலும், இரண்டாவது பெரிதும் கருவியிலும், மூன்றாவது உழைப்பிலும் வைக்கின்றன. ஒரகடம் போன்ற நிலத்திற்கு மூன்றாவதே பயன்படும் முன்மாதிரி. ஆயினும் அதற்கும் எல்லை உண்டு: இருவரின் கருணை, நீர்ப்பிடிப்புப் பகுதியின் நில வகைமாற்றத்துக்கு விடையாகாது. சுத்திகரிப்புக் குழாயை மட்டும் காட்டும் படம் நிறுவன விளம்பரமாகிவிடும். ஏனெனில் குழாய் நன்னீர்த் தேவையைக் குறைக்குமேயன்றி, கட்டடங்களால் மூடப்பட்ட நீர்வழியைத் திரும்பத் தராது. இழந்த ஏரியை மட்டும் காட்டும் படமோ, அங்குப் பணிமுறை மாற்றி உழைத்து வாழ்வோரை அழிவின் கூட்டாளிகளாக்கிவிடும். ஏரியின் மதகையும் ஆலையின் வாயிலையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தும் படமே இந்நிலத்தின் நம்பிக்கையை அதன் விலையோடு சேர்த்துச் சொல்ல முடியும். தமிழ்த் திணை மரபு அத்தகைய படத்திற்கு வழங்குவது பழம்பெருமையை அன்று. தொழிலை விலக்காமல் இயற்கையைக் காணும் முறையை.