நிலமும் பொழுதும்: நெய்வேலி நில எடுப்பில் காலத்தின் அரசியல்

ஆய்வுச் சுருக்கம்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திற்கான நில எடுப்பு பற்றிய உரையாடல் பெரும்பாலும் நிலத்தின் பரப்பு, விலை, இழப்பீடு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் அழிக்கப்பட்ட நிகழ்வு, சிக்கலின் மையம் காலம் என்பதைக் காட்டுகிறது. சட்டம், இயந்திரம், நிறுவனம் ஆகிய மூன்றும் தத்தம் காலக்கணக்கை நிலத்தின்மீது செலுத்துகின்றன. பயிரின் பருவம் மட்டும் கணக்கில் சேர்வதில்லை. நிலத்தையும் பொழுதையும் ஒருசேர முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பியப் பார்வையின் துணையோடு இப்போக்கை இக்கட்டுரை திறனாய்கிறது.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, நில எடுப்பு, முதற்பொருள், அடங்கல், பொதுநோக்கம், வளையமாதேவி.

1. முன்னுரை

2023 ஜூலை 26 அன்று கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் மண்வாரி இயந்திரங்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் இறக்கப்பட்டன. என்எல்சி இந்தியா நிறுவனத்தின் இரண்டாம் சுரங்கப் பணிக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலை வெட்டுவதே நோக்கம். இரு நாள்கள் கழித்து நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய போராட்டம் வன்முறையில் முடிந்தது. ஊடகங்களின் கவனம் அதன்பின் அரசியல் மோதலின் பக்கம் திரும்பியது.

அந்நிகழ்வில் இரு தரப்பும் கூறியவை கவனத்திற்குரியவை. 2006 முதல் 2013 வரையிலான ஆண்டுகளிலேயே அந்நிலங்கள் எடுக்கப்பட்டுவிட்டன என்றும், பயிரிட வேண்டாம் என முன்கூட்டியே அறிவித்ததாகவும் நிறுவனம் கூறியது. உழவர்கள் வயலில் நின்ற பயிரைக் காட்டினர். ஒரு தரப்பு பத்தாண்டுக்கு முந்தைய ஆவணத்தைச் சான்றாக வைக்க, மறு தரப்பு அறுவடைக்குக் காத்திருந்த நெல்லைச் சான்றாக வைத்தது. ஒரே நிலத்தின்மீது இருவேறு காலங்கள் உரிமை கோரின. எக்காலம் வென்றது, ஏன் வென்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. முதற்பொருளும் அடங்கலும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் முதற்பொருள் என்பதனுள் நிலத்தை மட்டும் வைக்கவில்லை. பொழுதையும் உடன் வைக்கிறது. பெரும்பொழுது, சிறுபொழுது என்னும் பகுப்பு அதன் வழிவந்தது. கருப்பொருளாகிய உணவும் மரமும் புள்ளும் தொழிலும் இவ்விரண்டின்மேல் எழுகின்றன. இது அகப்பாடலுக்கான இலக்கணம். அதனைச் சட்டத்தின்மீது அப்படியே பொருத்துதல் பொருந்தாது. எனினும், பொழுதிலிருந்து பிரித்த நிலம் வெறும் பரப்பாகவே எஞ்சும் என்னும் நுட்பமான அறிவு அவ்விலக்கணத்துள் இருக்கிறது.

இவ்வறிவு பழம்பாடல்களோடு நின்றுவிடவில்லை. இன்றைய வருவாய் நிருவாகத்திலும் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் பேணும் அடங்கல், எந்தப் புல எண்ணில், எந்தப் பசலியில், எப்பயிர், எத்தனை பரப்பில் நிற்கிறது என்பதைப் பதிகிறது. பட்டா நிலம் யாருடையது என்று சொல்கிறது. அடங்கல் நிலம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறது. நில எடுப்பு அறிவிக்கையிலோ புல எண், பரப்பு, வகைப்பாடு, உரிமையாளர் பெயர் என்பனவே முதன்மை பெறுகின்றன. பயிரின் பருவத்தை அறியும் ஏடு அரசின் கையிலேயே இருக்க, நிலத்தை எடுக்கும் நாளைக் குறிப்பதில் அவ்வேடு பங்குபெறுவதில்லை.

நெய்வேலிக்கு வடக்கே பண்ருட்டி வட்டத்துச் செம்மண் மேட்டில் இப்பிரிவினையின் பொருள் மேலும் தெளிவாகும். அங்கு வேளாண்மையின் அடிப்படை பலாவும் முந்திரியும். பலாக்கன்றை ஊன்றுபவர் காய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்; காய்க்கத் தொடங்கிய மரம் அடுத்த தலைமுறைக்கும் பயன் தருகிறது. ஒரு மரத்துக்கு ஒரு தொகை என மதிப்பிடும்போது, காத்திருந்த ஆண்டுகளும் காத்திருக்கும் தலைமுறையும் ஒற்றை எண்ணுக்குள் சுருங்கிவிடுகின்றன. நெய்வேலிச் சுரங்கத்திற்காகக் குடிபெயர்ந்தோரின் வாழ்வைப் பேசும் கண்மணி குணசேகரனின் ‘வந்தாரங்குடி’ என்னும் புதினத்தின் தலைப்பே, ஓர் ஊரில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் ‘வந்தவர்’ என்னும் காலக்குறி நீங்காதிருப்பதைச் சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு.

3. சட்டம் காலத்தைக் கையாளும் முறை

1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், நிலத்தைக் கைக்கொள்ளும்போது அதில் நிற்கும் பயிர்க்கும் மரத்துக்கும் நேரும் இழப்பை, இழப்பீட்டுத் தொகையில் சேர்க்க வேண்டிய ஒரு கூறாகக் கொண்டது (பிரிவு 23). குடியேற்றக் காலச் சட்டத்தின் கொடுமைகளைக் களைவதாகக் கூறி இயற்றப்பட்ட 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கூற்றை 28ஆம் பிரிவில் ஏறத்தாழ அவ்வாறே தொடர்ந்தது. இரு சட்டங்களின் பார்வையிலும் நிற்கும் பயிர் விலை கொடுத்துத் தீர்க்கத்தக்க இழப்பு. அது காத்திருக்க வேண்டிய பருவம் என்னும் கருத்து இரண்டிலும் இடம்பெறவில்லை.

உழவருக்குக் காத்திருக்கத் தயங்கும் சட்டம், அரசுக்காகக் காலத்தைப் பின்னோக்கியும் திருப்புகிறது. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் நெய்வேலிப் பகுதியில் பயன்பட்டுவந்தது. 2013ஆம் ஆண்டு நடுவண் சட்டம் வந்தபின், இச்சட்டத்தையும் வேறிரு மாநிலச் சட்டங்களையும் அதன் வரம்பிலிருந்து விலக்க, 105-அ என்னும் பிரிவை மாநில அரசு சேர்த்தது. சமூகத் தாக்க மதிப்பீடு போன்ற புதிய காப்புகள் இவற்றுக்குப் பொருந்தாமற்போயின. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அம்மூன்று சட்டங்களும் 2013 செப்டம்பரிலேயே செயலிழந்துவிட்டன எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் அவற்றை 2013 செப்டம்பர் 26 முதல் பின்னோக்கி உயிர்ப்பிக்கும் சட்டத்தை இயற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது.

சட்டமன்றத்திற்கு அத்தகைய அதிகாரம் உண்டென்பது இப்போது தீர்ந்த சட்டக் கருத்து. ஆயினும் திறனாய்வு நோக்கில் ஒரு வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. செயலிழந்த சட்டம் ஆறாண்டுகளைக் கடந்து பின்சென்று உயிர்பெற இயன்றது. நின்ற பயிர் சில வாரங்கள் முன்சென்று அறுவடை காண இயலவில்லை. அரசு தனக்கு வேண்டிய காலத்தை ஆக்கிக்கொள்ள, உழவர் தமக்கு வாய்த்த காலத்தையும் இழக்கிறார். அதிகார மீறல் என்பது எல்லா நேரமும் சட்டத்தை மீறுதலன்று. சட்டத்தின் வழியே காலத்தை ஒருதலையாகப் பங்கிடுதலும் அதன் ஒரு வடிவமே.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, எடுத்த நிலம் ஐந்தாண்டுகள் பயன்படாமல் கிடந்தால் அதனை முன்னை உரிமையாளருக்கோ நில வங்கிக்கோ திருப்பித் தரவேண்டும் என்கிறது. நிறுவனத்தின் தாமதத்துக்கும் ஒரு விலையுண்டு என்பதைக் கொள்கையளவில் ஏற்ற பிரிவு இது. வளையமாதேவியில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதன் நீட்சியே: பத்தாண்டு பயன்படுத்தாதிருந்தோர்க்கு, பயன்பாட்டில் வைத்திருந்தவரிடம் அவசரம் காட்டும் அறவுரிமை எங்கிருந்து வந்தது?

4. இயந்திரத்தின் அவசரம்

இக்கேள்விக்கு நிறுவனத் தரப்பின் விடை தொழில்நுட்பம் சார்ந்தது. நெய்வேலியில் நிலக்கரிப் படலத்தின்மேல் தடித்த மண்ணடுக்கு உண்டு. அடியில் அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீரடுக்கு உண்டு. மேல்மண்ணை அகழ்வதும் அடிநீரை இறைப்பதும் இடையறாது நிகழ வேண்டும். ஜெர்மன் தொழில்நுட்பத்தில் உருவான சக்கரவாளி அகழ்பொறிகள் இதற்கெனவே நெய்வேலிக்கு வந்தன. சுரங்கம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அதன் முகப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகராவிடில் மின்நிலையத்திற்கு எரிபொருள் தடைப்படும். ஆற்றைத் திருப்பாவிடில் மழைக்காலத்தில் சுரங்கத்துள் வெள்ளம் புகும்.

இவ்விளக்கத்தில் உண்மையில்லை எனக் கூறவியலாது. ஆனால் அது ஒரு முடிவை இயற்கையின் கட்டாயம்போலத் தோற்றச் செய்கிறது. சுரங்க முகப்பு எத்திசையில், எவ்வாண்டில், எவ்வூரை அடையும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிடப்படுவது. மழைக்காலமும் ஆண்டுதோறும் வருவதே. முன்கூட்டியே அறிந்த ஒன்று கடைசி மாதத்தில் ‘அவசரம்’ என்னும் பெயர் பெறுமாயின், அதனைத் தொழில்நுட்பத்தின் தேவை என்பதினும் திட்டமிடலின் குறை என்பதே பொருந்தும். அக்குறையின் சுமையோ திட்டமிடலில் பங்கில்லாத உழவர்மேல் ஏற்றப்படுகிறது.

இத்தகைய அகழ்பொறிகளின் தாயகமாகிய ஜெர்மனியின் நிகழ்வு இங்கு ஒப்பிடத்தக்கது. 2023 ஜனவரியில் கார்ட்ஸ்வைலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திற்காக லுட்சராத் என்னும் சிற்றூர் காவல்துறையால் காலி செய்யப்பட்டது. அங்கும் நிலம் ஆர்டபிள்யூஇ நிறுவனத்திற்குச் சட்டப்படி உரியதே. அங்கும் எரிபொருள் தேவையே காரணம். ஆனால் அவ்வூரை இழந்த உடன்பாட்டில், அப்பகுதியில் நிலக்கரி மின்னாக்கம் 2030இல் முடியும் என்னும் முடிவாண்டும் இடம்பெற்றது. அது போதுமானதா என்பது வேறு விவாதம். சுரங்கத்திற்கும் ஒரு முடிவு நாள் கேட்கலாம் என்பதையேனும் அது காட்டியது. நெய்வேலி பற்றிய தமிழ்ப் பொதுவிவாதத்தில் இழப்பீடும் வேலைவாய்ப்பும் பேசப்படும் அளவுக்கு முடிவாண்டு பேசப்படவில்லை.

5. ‘பொது’ என்னும் சொல்லின் சுமை

1956இல் தொடங்கப்பெற்று, 1957இல் நேருவால் அகழ்வுப்பணி தொடங்கிவைக்கப்பட்ட நெய்வேலித் திட்டம், புதிய நாட்டின் நம்பிக்கைகளுள் ஒன்றாக விளங்கியது. ‘பொதுத்துறை’, ‘பொதுநோக்கம்’ என்னும் இரு சொற்களும் அங்கு ஒன்றாகவே வளர்ந்தன. தமிழக அரசியலும் இச்சொற்களைக் காப்பதில் முனைந்து நின்றது. 2006இல் நிறுவனத்தின் பங்குகளை விற்க முயன்றபோது திமுகவின் எதிர்ப்பால் நடுவண் அரசு பின்வாங்கியது. 2013இல் பங்கு விற்பனை தவிர்க்கவியலாததாகியபோது, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் முயற்சியால் தமிழ்நாடு அரசு நிறுவனங்கள் ஐந்து அப்பங்குகளை வாங்கின.

தனியார்மயத்தைத் தடுத்த அம்முயற்சிகளின் மதிப்பு குறைத்து எண்ணத்தக்கதன்று. எனினும் அவற்றின் ஒரு விளைவு போதிய அளவு ஆராயப்பட வேண்டும். மாநில வருவாய்த்துறை நிலத்தை எடுக்கிறது. மாநிலக் காவல்துறை பணிக்குப் பாதுகாப்புத் தருகிறது. மாநில அரசின் நிறுவனங்கள் பங்குதாரர்களாகவும் இருக்கின்றன. எடுப்பவரும் காப்பவரும் பயன்பெறுபவரும் ஒரே அணியில் நிற்கும்போது, முறையிடுவோர்க்கு எஞ்சுவது நீதிமன்றம் ஒன்றே. நிறுவன ஆதிக்கம் தனியார் முதலாளியின் உருவில் மட்டுமே வரும் என்னும் எண்ணம், பொதுத்துறையின் ஆதிக்கத்தைக் காணவொட்டாமல் மறைத்துவிட்டது.

2023 ஏப்ரலில் இதற்கு மாறான ஒன்றும் நிகழ்ந்தது. வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் நடுவண் அரசின் ஏல அறிவிப்பில் இடம்பெற்றன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஏப்ரல் 4 அன்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாள்களில் அவை ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அவ்வாதத்திற்கு வலுச்சேர்த்தது. ஆனால் அச்சட்டம் தனக்கு முன்பே நடைபெற்றுவந்த திட்டங்களைத் தீண்டுவதில்லை. அடுத்தடுத்த ஊர்கள், ஒரே ஆண்டு, ஒரே வகை நிலக்கரி. ஆவணத்தின் தேதி மட்டுமே ஓரிடத்தில் காப்பாகவும் மற்றோரிடத்தில் அழிவாகவும் அமைந்தது.

6. எதிர்வாதங்களும் மதிப்பீடும்

இவ்வாசிப்பிற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, நிலம் சட்டப்படி நிறுவனத்திற்கு உரியது. பயிரிட்டது அத்துமீறல் என்பது. உரிமை மாறியது உண்மையே. ஆயினும் பல ஆண்டுகள் உழவு நடைபெற நிறுவனம் இடங்கொடுத்தபின், ஒரு பருவத்தின் நடுவில் உரிமையைச் செயற்படுத்துவது சட்டத்தின் எழுத்தைக் காக்கலாம். அதன் நியாயத்தைக் காக்காது. இரண்டாவது, மின்சாரம் அனைவர்க்கும் தேவை என்பது. நெல்லும் அத்தகையதே, ஒரு பொதுத்தேவை மற்றொன்றை அறுவடை வரையேனும் பொறுக்காமைக்கு விளக்கம் வேண்டும். மூன்றாவது, பயிருக்கு இழப்பீடு தரப்படுகிறது என்பது. தொகை பயிரின் சந்தை விலையை ஈடுசெய்யலாம். பயிரிட்டவரின் கண்முன்னே அதனை அழித்ததற்கு அது ஈடாகாது.

நீதிமன்றத்தில் இவ்வழக்கு வந்தபோது நீதிபதி எம். தண்டபாணி எழுப்பிய கேள்வியும் இத்தன்மையதே. அறுவடை வரை காத்திருக்க இயலாதா என அவர் வேதனையுடன் வினவினார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கவும், எஞ்சிய பயிரை அறுவடை செய்து 2023 செப்டம்பர் 15க்குள் நிலத்தை ஒப்படைக்கவும் உயர் நீதிமன்றம் வழிவகுத்தது. இவ்விரு ஏற்பாடுகளும் ஒன்றல்ல. முன்னது 1894 முதல் வரும் மரபு: பயிரை விலையாக மாற்றுதல். பின்னது புதியது: நிலத்தை எடுக்கும் நாளைப் பயிரின் பருவத்தைக் கொண்டு குறித்தல்.

7. நிறைவுரை

நெய்வேலி நில எடுப்பில் சட்டம் பின்னோக்கியும், இயந்திரம் இடைவிடாமலும், நிறுவனம் தனக்கு வசதியான போதும் இயங்குகின்றன. பருவந்தோறும் திரும்பிவரும் பயிரின் காலம் மட்டும் பணமாகப் பெயர்க்கப்படுகிறது. நிலத்திலிருந்து பொழுதை அகற்றிய பின்னரே நிலத்தை எடுப்பது எளிதாகிறது.

மாற்றுவழி எட்டாத ஒன்றன்று. நிற்கும் பயிருள்ள நிலத்தை அறுவடைக்கு முன் கைக்கொள்ளலாகாது என்னும் ஒரு விதி, எடுப்பு நாளைக் குறிக்கும்முன் அடங்கலைப் பார்க்க வேண்டும் என்னும் ஒரு கடமை, நெடுங்காலம் பயன்படாத நிலத்தைத் திருப்பித் தரும் 101ஆம் பிரிவின் நெறியை மாநிலச் சட்டங்களுக்கும் விரித்தல் ஆகிய மூன்றும் மின்னாக்கத்தை நிறுத்திவிடா. நீதிமன்றம் 2023இல் ஒருமுறை செய்ததை நிருவாகம் ஒவ்வொரு முறையும் செய்யும்படி அவை ஆக்கும். பண்ருட்டிப் பலாவுக்கும் வளையமாதேவி நெல்லுக்கும் வெவ்வேறு நீளமுள்ள பருவங்கள் உண்டு என்பதை ஏற்கும் சட்டமே, நிலத்தை நிலமாகக் கண்ட சட்டமாகும்.