நாணயம் சூட்டிய மகுடம்

ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் 'மேரி ஸ்டூவர்ட்' நாடகம் 1800இல் வைமரில் அரங்கேறியது. இங்கிலாந்தின் எலிசபெத்தும், அவரிடம் சிறைப்பட்ட ஸ்காட்லாந்து ராணி மேரியும் நிஜத்தில் சந்தித்ததே இல்லை. ஷில்லர் மூன்றாம் அங்கத்தில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். உயிருக்காக மண்டியிடும் மேரி, அவமதிப்புப் பொறுக்காமல் எழுந்து பதிலடி கொடுக்கிறாள். வாய்ச்சண்டையில் வென்றவள், அதனாலேயே உயிரை இழக்கிறாள்.

2016இல் ராபர்ட் ஐக் லண்டன் அல்மெய்டா அரங்கில் இதை இயக்கினார். ஜூலியட் ஸ்டீவன்சன், லியா வில்லியம்ஸ் இருவரும் இரு வேடங்களையும் பாடம் செய்திருந்தார்கள். யாருக்கு எந்த வேடம் என்பதை ஒவ்வொரு முறையும் நாடகத்தின் தொடக்கத்தில் மேடையில் சுண்டிய நாணயமே தீர்மானித்தது. விழுந்த பக்கத்தைப் பொறுத்து ஒருத்திக்கு அரியணை, மற்றவளுக்குக் கொலைக்களம்! அதிகாரம் எவ்வளவு தற்செயலாகக் கைக்கு வருகிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் உணர்த்திவிட்ட அபாரமான உத்தி இது.