முதல் வரி காக்கைக்கு

ஜனவரி 1, விடிகாலை. திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயில் முன்னால் தேங்காய் சிதறிக்கொண்டிருக்கிறது. புதுவருடப் பட்டியலின் முதல் பறவை வழக்கம்போல் காக்கைதான். சில்லைக் கவ்விக்கொண்டு எதிர்க்கூரைக்குப் போய்விட்டது. வயலில் மீன்கொத்தி கிடைத்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். என்ன செய்ய, பட்டியலில் பொய் எழுதக்கூடாது.

அங்கிருந்து புஞ்சக்கரி. வெள்ளாயணி ஏரியை ஒட்டிய சதுப்பு வயல். பனி விலகும்போது வரப்போரம் ஒரு பொரி உள்ளான். முதுகெல்லாம் பொரி தூவியதுபோல் வெளிறிய புள்ளிகள். பெயர் வைத்தவர் அன்று பசியோடு இருந்திருப்பார். அலகால் சேற்றைக் குத்துகிறது, நிற்கிறது, பின்பாதியை மட்டும் ஆட்டுகிறது. வட ஐரோப்பா, சைபீரியச் சதுப்புகளில் முட்டையிடும் இனம், இந்த முழங்கால் சேற்றுக்காக இவ்வளவு தூரம்! பக்கத்தில் மஞ்சள் வாலாட்டி, கம்பியில் தகைவிலான்கள்.

சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். இந்துசூடனின் ‘கேரளத்திலே பக்ஷிகள்’ 1958இல் வந்தது. அவர்களுக்குப் பின்னால் என் நாற்பது பக்க நோட்டு.

தாமரை இலைக்கோழியை எழுதும்போது பேனா மக்கர் செய்தது. பென்சிலுக்கு மாறினேன்.