விதிவிலக்கும் விதியும்

பெண் வைத்தியர் ஒருவர் பெரும் புகழ் எய்திவிட்டால், அவரது வாழ்க்கையை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டையே கையாள்வர். தடைகள் இருந்தன, திறமையால் அவர் அவற்றைக் கடந்தார், ஆகவே திறமையுள்ள எவரும் கடக்கலாம் என்பது அவ்வாய்பாடு. முதலிரு கூற்றுக்களையும் நாம் மறுக்கவில்லை. மூன்றாவது கூற்று அவற்றிலிருந்து பெறப்படுவதன்று. இரைப்பை, குடல், ஈரல் நோய்களுக்கான வைத்தியத் துறையின் வரலாற்றை நோக்குமிடத்து இது தெளிவாகும்.

இத்துறையினருள் ஷீலா ஷேர்லொக்கின் பெயரை அறியாதார் இலர். 1918 இல் பிறந்த அவர், இங்கிலாந்தின் வைத்தியக் கல்லூரிகள் ஆண்களுக்கே முதலிடம் அளித்த காலத்தில் அவற்றுள் இடம்பெற முயன்று, இயலாமற் போகவே, ஸ்கொத்லாந்து சென்று எடின்பரோவில் 1941 இல் வகுப்பின் முதல்வராகத் தேறினார். 1955 இல் வெளிவந்த ஈரல் நோய் பற்றிய அவரது நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. 1959 இல் லண்டன் றோயல் பிறீ வைத்தியசாலையில் பேராசிரியரானார். பிரித்தானியாவில் வைத்தியப் பேராசிரியர் பதவியை வகித்த முதற் பெண் அவரே.

அந்த வைத்தியசாலை எத்தகையது என்று கேட்பார் அரியர். ஏனைய கல்லூரிகள் கதவடைத்த நிலையில், 1874 இல் பெண்களுக்கென்றே லண்டனில் ஒரு வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டது. அதன் மாணவியர் நோயாளர் விடுதிகளிற் பயில இடமின்றித் தவித்தபோது, 1877 இல் அவர்களை ஏற்றது றோயல் பிறீ. ஆகவே ஷேர்லொக் அமர்ந்த நாற்காலிக்கு எண்பதாண்டுக் காலக் கூட்டு முயற்சி அடித்தளமாயிருந்தது. மேதைமையைப் போற்றும் பேனை அத்தளத்தைக் காணாது விடுவதைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் கதையும் இதற்கு இயைந்ததே. 1897 இல் அமைந்த அந்நாட்டு இரைப்பை குடலியற் சங்கத்துக்கு 1942 இலேயே சாரா ஜோர்டன் என்ற பெண் தலைமை ஏற்றார். ஒருவர் ஏறினால் ஏனையோர் தாமே பின்தொடர்வர் என்பது மெய்யாயின், இன்று அத்துறை பெண்களால் நிறைந்திருத்தல் வேண்டும். 2019 இல் அந்நாட்டு வைத்திய மாணவருட் பெண்களே பெரும்பான்மையினராயினர். அதே காலத்தில் இரைப்பை குடல் வைத்திய நிபுணருட் பெண்கள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரே. பழைய தலைமுறை ஓய்வுபெற்றதும் யாவும் சமனாகும் என்பர் சிலர். புதிதாகப் பயிற்சியில் இருந்தோருள்ளும் பெண்கள் மூன்றிலொரு பங்களவிலேயே இருந்தனர்.

பெண்கள் தாமே இத்துறையைத் தெரிவதில்லை என்பது அடுத்த விடை. தெரிவு வானத்திலிருந்து இறங்குவதன்று. இத்துறையின் கைவினை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்ப்போம். 1957 இல் மிச்சிகனில் பசில் ஹிர்ஷோவிற்ஸ் கண்ணாடி நாரிழைகளாலான வளையும் அகநோக்குக் கருவியை முதலிற் பயன்படுத்தினார். தம் தொண்டையிலேயே அதனைச் செலுத்திப் பார்த்தார். அதன் வழித்தோன்றலான இன்றைய எண்டொஸ்கோப்பின் பிடியை வைத்தியர் இடக்கையில் ஏந்தி, பெருவிரலால் இரு சக்கரங்களைத் திருப்ப வேண்டும். அதே கையின் ஏனைய விரல்கள் காற்றுக்கும் நீருக்கும் உறிஞ்சலுக்குமான பொத்தான்களை அழுத்த வேண்டும். பிடியோ பொதுவாக ஒரே அளவு. சராசரியிற் சிறிய கையுடைய பெண்ணின் பெருவிரல் சக்கரத்தை எட்டுவதற்கே வலிந்து நீள்கிறது. நாளொன்றுக்குப் பலமுறை, ஆண்டுக்கணக்கில் இவ்வாறு செய்தால் மணிக்கட்டும் பெருவிரலடியும் நோகாமல் என்செய்யும்? அந்நோவு கருவியின் குறையாகக் கொள்ளப்படாது, ஏந்துபவளின் குறையாகக் கொள்ளப்படுமிடத்தே அநீதி தொடங்குகிறது. தையற்காரர் இடக்கையருக்கு வேறு கத்தரிக்கோல் வைத்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவரை எவரும் சலுகை கேட்பவர் என்று ஏசுவதில்லை.

பித்தக்கான் சிகிச்சையில் எக்ஸ்றே கதிரைத் தடுக்க அணியும் ஈயக் கவசத்தின் கதையும் இதுவே. ஆணுடலுக்கு வெட்டிய கவசம் பெண்ணின் அக்குளருகே விலகி, மார்பின் பக்கத்தைக் கதிருக்குத் திறந்துவிடுகிறது.

இது வைத்தியரின் சொந்த வழக்கு மட்டுமன்று. பெருங்குடற் பரிசோதனை பற்றி 2005 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், வினவப்பட்ட பெண்களுள் 43 வீதத்தினர் பெண் வைத்தியரையே விரும்பினர். அவர்களுட் பெரும்பாலோர் அதற்காக ஒரு மாதத்துக்கு மேலும் காத்திருக்க ஆயத்தமாயிருந்தனர். பெண் வைத்தியர் இல்லையெனிற் பரிசோதனையே வேண்டாம் என்றோரும் சிலர் இருந்தனர். பெருங்குடற் புற்றுநோய் முளையிலேயே கண்டால் அகற்றத்தக்கது. கூச்சத்தின் விலை சிலவேளை உயிராகிறது.

இனிக் காலத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் வைத்தியப் பட்டம் பெற்றபின் பொது வைத்தியத்தில் மூன்றாண்டும், அதன்பின் இத்துறையில் மூன்றாண்டும் பயில வேண்டும். பெண்ணொருத்தி மகப்பேற்றை எண்ணும் வயதும் அதுவே. பயிற்சி வைத்தியருக்கு ஆறு வாரச் சம்பளத்துடனான விடுமுறை நாடளாவிய விதியானது 2022 யூலையிலேதான். சாரா ஜோர்டன் தலைமையேற்று அப்போது எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாறு வாரங்களில் அவளது இரவுக் கடமையைச் சுமப்பவர் யார்? மேலதிக ஆளை நியமிக்காது சக பயிற்சியாளரின் தோளில் ஏற்றிவிட்டு, அவர்களது முணுமுணுப்பை அவளே கேட்கவிடுவது விடுமுறை வழங்கும் முறையாகாது.