மூன்று எண்களில் ஒரு வைத்தியம்

லினக்ஸ் கெர்னலில் உனக்குப் பிடித்த வசதி எது என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: டிஸ்குகளுக்குக் கட்டளை அனுப்பும் ஸ்கஸி அடுக்கின் ட்ரேஸ் வரிகளில் 2023-இல் வந்து சேர்ந்த மூன்று எண்கள். இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பார்கள். ஆமாம், இவ்வளவும் தகும்!

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டு ஜக்கார்டு அட்டை அடித்துக் கொடுக்கும் கூடங்களில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் தொழில். மயில், அன்னம், இருதலைப்பட்சி, ருத்ராட்சம் என்று பழைய கிராஃப் தாள்களில் இருந்ததையெல்லாம் ஸ்கேன் செய்து, கட்டம் கட்டமாகத் திருத்தி டிஸ்கில் வைத்திருக்கிறார்கள். ஒரு கோப்பு கெட்டால் ஒரு பார்டரே போயிற்று. அதனால் டிஸ்க் லேசாக முனகினாலும் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு கூடத்தில் பழைய சர்வர் ஒன்று இருந்தது. சாஸ் வகை டிஸ்குகள். டிசைனைச் சேமிக்கும்போது திரை அப்படியே நின்று, சற்றுப் பொறுத்துத் தானாக நகரும். கெர்னல் லாகில் ஒரு வரிகூட இல்லை. காரணம் இருக்கிறது: சில பிழைகளுக்குக் கெர்னல் அதே கட்டளையைச் சத்தமில்லாமல் மறுபடி அனுப்பிப் பார்க்கும். கடைசியில் வேலை நடந்துவிட்டால் லாகில் எதுவும் எழுதாது. ட்ரேஸ் அப்படியில்லை. ஒவ்வொரு முயற்சியும் முடியும்போது ஒரு வரி எழுதும்.

ஸ்கஸி ட்ரேஸ் 2010-லேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. ஆனால் டிஸ்க் முரண்டு பிடித்தால் அந்த வரியில் 'செக் கண்டிஷன்' என்றுதான் இருக்கும். ஏதோ கோளாறு என்பதற்கு மேல் அதில் விவரம் கிடையாது. தறியில் நூல் அறுந்தது என்று மட்டும் சொல்லி, பாவா ஊடையா என்று சொல்லாமல் போவது போல. இத்தனைக்கும் டிஸ்க் முழு விவரத்தையும் கெர்னலிடம் கொடுத்துவிடுகிறது. சென்ஸ் கீ, அதற்கு மேல் விவரம் சொல்லும் ஏ.எஸ்.சி., இன்னும் நுணுக்கமான ஏ.எஸ்.சி.க்யூ. கையில் வந்துவிட்ட அந்த மூன்றையும் அதே வரியில் அச்சிடுகிறது புதிய மாற்றம். எவ்வளவு சின்ன வேலை, எவ்வளவு பெரிய உபகாரம்!

அந்தக் கூடத்தில் ட்ரேஸை ஓடவிட்டேன். டிசைனைச் சேமித்தார்கள், திரை நின்றது, வரி வந்தது: கீ பி, அடுத்தது 47, அடுத்தது 03. கூவாத குறைதான்! கீ 3 வந்து கூடவே 11 இருந்தால், படிக்க முடியாத இடம் டிஸ்கிலேயே இருக்கிறது, உடனே நகல் எடுத்துக்கொண்டு புது டிஸ்குக்குச் சொல்லிவிட வேண்டும். இங்கே வந்ததோ கீ பி, அதாவது கட்டளை பாதியில் கைவிடப்பட்டது. 47, 03 என்றால் வழியில் வந்த தரவின் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகவில்லை. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குப் போகும் வழியைப் பார் என்று அர்த்தம். கேபிளை மாற்றினேன். திரை நிற்பதும் நின்றது, அந்த வரியும் அதன்பின் வரவில்லை. புது டிஸ்க் வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்த கூடத்து அண்ணன், "கேபிள்தானா தம்பி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இதில் இன்னொரு சுகம், வடிகட்டல். சென்ஸ் கீ 3 ஆக இருந்தால் மட்டும் எழுது என்று ட்ரேஸிடமே சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கான நல்ல வரிகளுக்கு நடுவே கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சர்வருக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். யு.எஸ்.பி. டிஸ்குகளும் லினக்ஸில் இதே ஸ்கஸி அடுக்கின் வழியாகத்தான் போகின்றன. என்.வி.எம்.இ. வகைக்குத் தனிப் பாதை.

டிஸ்குகளோடு மல்லுக்கட்டும் தோழர்களே, உங்கள் கெர்னல் 2023-க்கு முந்தையது என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். அடுத்த முறை ஒரு டிஸ்கைக் குப்பையில் போடக் கை ஓங்கும்போது, ட்ரேஸ் கோப்பகத்தில் ஸ்கஸி பிரிவுக்குப் போய், கட்டளை முடிந்ததைச் சொல்லும் நிகழ்வுக்கு ஒன்று என்று எழுதிவிட்டு, அந்த மூன்று எண்களைப் படித்துப் பாருங்கள்.